வாயை மூடச் சொன்ன மூடி அண்ணன்

முதலாளியைப் பார்த்து "வாய மூடுங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே வேலையில் இருந்த மனிதர் விருத்தாசலம் முழுக்க ஒருவர்தான்: எங்கள் பீங்கான் கம்பெனியின் மூடி அண்ணன்.

சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். சூளையில் வேலை. வெப்பம் வெளியே போகாமலிருக்கச் சூளையின் உள்சுவரில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பழசானால் அது பொடிந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பறக்கும். நெஞ்சுக்குள் போனால் அங்கேயே குடித்தனம் வைத்துவிடும். அதனால் சூளைப் பக்கம் யார் தலை தெரிந்தாலும் அண்ணன் கத்துவார்: "மூடு!"

மாஸ்க் மாட்டினாலும் விடமாட்டார். மெருகு பூசும் பிரிவின் சூப்பர்வைசரான எனக்கு அப்போது முறுக்கு மீசை.

"மீச வழியா காத்து பூருது சார். எடுத்துடுங்க."

மூன்று நாள் நச்சரிப்பு. எடுத்தேன். சாயங்காலம் கதவைத் திறந்த என் மனைவி, "அவரு இன்னும் வூட்டுக்கு வரலீங்களே" என்றாள்.

ஒருநாள் பழைய பஞ்சைப் பிய்த்தெடுக்க உத்தரவு வந்தது. தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், எல்லோருக்கும் நல்ல மாஸ்க் வேண்டும் என்று அண்ணன் சூளை வாசலிலேயே சம்மணம் போட்டுவிட்டார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா பெரிய பஞ்சு? தலகாணில இல்லாத பஞ்சா?"

"மொதல்ல வாய மூடுங்க மொதலாளி!"

மின்விசிறிகூட ஒரு சுற்றுத் தயங்கியது. முதலாளி கோபத்தில் பஞ்சை வெறுங்கையால் பிய்த்து அண்ணன் முகத்துக்கு நேரே ஆட்டினார். ஐந்தே நிமிடம். கையைச் சொறிந்தார், கழுத்தைச் சொறிந்தார், கடைசியில் முதுகைத் தூணில் தேய்த்தார்.

"தோலு அரிக்கிறது தெரியுது. நெஞ்சுல போயி குத்துனா தெரியாதுங்க மொதலாளி" என்றார் அண்ணன், குழாய்த் தண்ணீரில் அவர் கையைக் கழுவிவிட்டுக்கொண்டே.

மறுவாரம் மாஸ்க், தண்ணீர் தெளிப்பான் எல்லாம் வந்தன. டாக்டரும் வந்தார். ஒரு குழாய்க்குள் ஊதி, அதிலுள்ள அளவு முள்ளை நகர்த்தி மூச்சின் பலத்தைக் காட்ட வேண்டும். திருவிழா மாதிரி ஊதினோம். முள்ளை எகிறவிட்டவனுக்கு விசில் வேறு. அண்ணன் ஊதினார். முள் பாதிகூடப் போகவில்லை. விசில் நின்றது.

"என்னண்ணே இது?" என்றேன்.

"பழைய கம்பெனில இருவது வருஷம் இந்தப் பஞ்சத்தான் பிச்சேன். அப்ப மூடுன்னு சொல்ல ஆளு இல்ல. வுடுங்க சார், நீங்கல்லாம் நல்லா ஊதுனீங்கல்ல?"

இப்போது அவருக்கு பேக்கிங்கில் உட்கார்ந்த வேலை. வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு எல்லோரும் சேர்ந்துதான் நடப்போம். வழியில் அவர் மூச்சு வாங்கி நின்றால், ஒருவனுக்குச் செருப்பு வார் அறுந்துவிடும், இன்னொருவனுக்குப் போன் வந்துவிடும், நாங்களும் நின்றுவிடுவோம்.