நான்கு ஆணியும் ஒரு வாளியும்

தண்ணீருக்கே உத்தரவு போடும் மனிதர் வந்திருக்கிறாராம்! மனை விற்கும் திடலில் ஊரே கூடிவிட்டது. ஆணியார் என்று அவருக்குப் பெயர்; மனைத் தரகர்தான் அழைத்து வந்திருந்தார். அவர் மந்திரித்த ஆணியை மனையின் நான்கு மூலையிலும் அடித்துவிட்டால், வெள்ளம் வாசலோடு திரும்பிப் போய்விடுமாம். கொளுத்தும் வெயிலில் வரிசை. முதலில் நான்கு ஆணி வாங்கிய புண்ணியவான் யார்? அடியேன்தான். பதினெட்டு வருடமாகப் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன்.

மறுநாள் பத்திரப்பதிவு. எங்கள் ஆயுள் சேமிப்பு மொத்தமும் அந்தத் திடலில் ஒரு மனைக்குத்தான் போகப்போகிறது. இடம் கொஞ்சம் பள்ளம். ஆறு புரண்டால் முதலில் நலம் விசாரிக்க வருகிற பள்ளம். அதனால்தான் மலிவு. அதனால்தான் ஆணி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆணியார் மேசைமேல் ஒரு மணல் தட்டை வைத்தார். நடுவில் பொம்மை வீடு, சுற்றி நான்கு ஆணி. ஒரு ஜக் தண்ணீரைக் கவிழ்த்தார். அத்தனையும் மாயம். பொம்மை வீட்டின் வாசற்படிகூட நனையவில்லை. கூட்டம் கை தட்டியது. நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

என் மனைவி தட்டவில்லை. அவள் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவள். நேராக மேசைக்குப் போனாள்.

“ஐயா, ஆணியைப் பிடுங்கிட்டு இன்னொரு தடவை ஊத்துங்க.”

“பிடுங்கினா பூமி கோவிச்சுக்கும்மா!”

“பொம்மை வீடுதானே, கோவிச்சுக்கட்டும்.”

“சும்மா இரு, மானம் போகுது” என்று அவள் காதைக் கடித்தேன்.

அவள் நான்கையும் பிடுங்கினாள். தண்ணீரை ஊற்றினாள். அப்போதும் வீடு நனையவில்லை. மேசை விரிப்பைத் தூக்கினாள். தட்டில் ஓட்டை, மேசையிலும் ஓட்டை, அதற்குக் கீழே வாளி.

“சரிங்க ஐயா, இந்தத் திடலுக்கு அடியில வாளி எங்க வச்சிருக்கீங்க?”

ஆணியார் அவசரமாக விரிப்பை இழுத்து மூடினார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

“பக்கத்துத் தெருவுல மட்டும் நான் ஸ்டூல் போட்டு ஏறித்தான் மீட்டர் பாக்கறேன். ஏன் அவ்வளவு உயரத்துல மாட்டியிருக்கீங்க?”

அந்தத் தெருத் தையல்காரர் தலையைச் சொறிந்தார். “மூணு வருஷம் முன்னாடி தண்ணி கழுத்து மட்டும் வந்துச்சும்மா. அதான் மீட்டரை ஏத்திட்டோம்.”

“மீட்டரைக் காப்பாத்திட்டீங்க. பிள்ளைங்க எந்த உயரத்துல தூங்குது?”

நான் என் நான்கு ஆணியையும் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன். ஆணியாரும் மனைத் தரகரும் சொல்லிக்கொள்ளாமல் கம்பி நீட்டினார்கள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் கவலையோடு கேட்டார்: “அப்போ மிச்ச ஆணி பாதி விலைக்குக் கிடைக்குமா?”

மறுநாள் பத்திரம் பதியவில்லை. பள்ளிக்கூட அலமாரியைக் குடைந்து வெள்ள வரைபடத்தை எடுத்தேன். எங்கள் மனை நட்டநடுவே நீலமாக இருந்தது. அந்த நீலத்தைத் தீட்டியவன் நானேதான்.

ஆணிக்குச் சக்தி உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் அந்தப் படத்தை நான்கும் சேர்ந்து தாங்குகின்றன. யோசிக்கிற வேலையை மட்டும் அவற்றிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்துப் பார்த்தவன்.