முட்டைகளுக்கு வியர்க்கக் கூடாது

தொபுக், தொபுக், தொபுக். வனத்துறை ஆய்வாளராக வேலையில் சேர்ந்த முதல் நாள் அவள் குளக்கரையில் கால் வைத்ததும், சாய்ந்த மரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்த சத்தம் அது. அதைக் கேட்டபின் அவள் வேறு எதையும் ஆராயவில்லை. ஆமைகளோடே தலை நரைத்தது. இப்போது கால் வைத்தால் இரண்டோ மூன்றோ தொபுக். அவற்றில் ஒன்றுதான் பெண், அதுவும் கிழவி.

அந்தக் கிழவி கரை மணலில் முட்டையிட்டது. துறை பெருமகிழ்ச்சி அடைந்தது. ஊருக்கும் ஆமைப் பித்துப் பிடித்தது. எங்கும் ஆமைப் படம் போட்ட சட்டைகள். அவளுடைய தம்பி 'மெதுநடைக் கழக'த்தின் செயலாளர் ஆனான். முட்டைகளுக்குக் கண்ணாடிப் பொரிப்பகம் எழுந்தது. திறந்துவைக்க அமைச்சர் வருவதால் ஏசியும் வந்தது.

அவள் இயக்குநரின் அறைக்கு ஓடினாள்.

"சார், ஆமை முட்டையில ஆணா பெண்ணான்னு முடிவு பண்றதே மணலோட சூடுதான். இப்படிக் குளிர்ந்தா எல்லாம் ஆணாவே பொரிக்கும். ஏசியை நிறுத்தச் சொல்லுங்க."

"பச்சைக் குழந்தை இருக்கிற அறையில யாராவது விசிறியைப் பிடுங்குவாங்களாம்மா?"

"அது முட்டை சார்."

"முட்டைகளின் நலன் கருதின்னுதான் ஏசிக்கு அனுமதியே வாங்கினோம். நிறுத்தினா நலனைப் புறக்கணிச்சதா ஆகும்."

அவளே போய்ப் பொரிப்பகத்தின் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தம்பிதான் எழுந்து ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

"என்னக்கா நீ? உள்ளே எவ்வளவு சுகமா இருக்கு. ஆமைக்கு மட்டும் கசக்குமா?"

குஞ்சுகள் பொரிந்தன. அமைச்சர் கை தட்டினார். கொஞ்சம் வளர்ந்ததும் அவள் சோதித்துப் பார்த்தாள். ஒன்றுகூடப் பெண் இல்லை. விடாமல் முறையிட்டதில் உயர்மட்ட உண்மையறியும் குழு கூடியது. தலைவர் மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எல்லாம் ஆண்னா என்னம்மா குறை? இங்கேயும்தான் எல்லாரும் ஆம்பளைங்க. வேலை நடக்கலையா?"

"அப்போ இனிமே முட்டை யார் சார் இடுறது?"

குழு ஆழ்ந்து யோசித்தது.

"அதுக்குத் தனியா ஒரு குழு போட்டுடலாம்."

பொரிப்பகத்தில் யாதொரு குறைபாடும் காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது. வெப்பநிலை குறித்து அவள் காட்டிவரும் தனி ஆர்வத்தைப் பாராட்டி, ஏசி பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். தம்பியின் கழகம் அவளுக்கு ஒரு சட்டை பரிசளித்தது.

மறு கோடையில் கிழ ஆமை செத்துப்போயிற்று. ஆண் ஆமைகள் எல்லாம் நலமாக இருக்கின்றன.