மாமாவுக்கு முப்பத்தேழு மார்க்

கடைக்காரர் கேட்கும் கேள்விக்கு "தெரியாதுங்க" என்று சொல்கிறவன் வேண்டிய பொருளைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவான். தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவன் லோரி பிடித்துக்கொண்டு திரும்புவான். நான் லோரி பிடித்தவன்.

குருபோங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறை எவ்வளவு விசாலம் என்றால், சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினால் கட்டைவிரலால் டிவியை அணைத்துவிடலாம். (ரிமோட் தொலைந்துபோன நாட்களில் அப்படித்தான் ஓட்டினோம்.) அந்த அறைக்குத்தான் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமான கரோக்கே செட் வாங்கினேன். ஏன் என்று புரிய வேண்டுமானால், என் மாமனார் என்னைச் 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

நானும் சுகந்தியும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் அப்பாவைப் பார்த்துப் பேச, லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய தோட்டத்து வீட்டுக்கு வேலையிடத்திலிருந்து நேராகப் போனேன். கழுத்தில் டை, தோளில் லேப்டாப் பை. வாசலில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்கல்லாம் ஏற்கெனவே இன்சுரன்ஸ் எடுத்துட்டோம் சார்" என்றார்.

கைகூப்பி வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இட்ஸ் ஓக்கே" என்றேன். (எது ஓக்கே? இன்றுவரை எனக்கும் தெரியாது.)

கல்யாணம் நடந்தது. மகள் பிறந்தாள். எனக்குத் தொப்பை பிறந்தது. 'சார்' மட்டும் அப்படியே இருந்தது. சுகந்தியின் அக்கா வீட்டுக்காரர் விசேஷ வீடுகளில் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுகிறவர். "மாப்பிள்ளைக்கு ஒரு தலகாணி குடுங்க" என்று மாமா அவருக்காகச் சத்தம் போடுவார். நானோ வேர்க்க விறுவிறுக்கப் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பேன். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்டையில குழம்பு பட்டுரப் போவுது" என்பார். கோபமெல்லாம் இல்லை, மரியாதைதான். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

மாமாவின் பெயர் மாணிக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், பாட்டுக்காரர். லோரி மேடு ஏறும்போது ஒரு சுரத்தைப் பிடித்தார் என்றால், உச்சிக்குப் போய் கியர் மாற்றும்வரை விடமாட்டாராம். ஹார்ன் சத்தத்துக்கு ஒதுங்காத மாடுகள்கூட அவர் பாட்டுக்கு ஒதுங்கியதாகத் தோட்டத்தில் சொல்வார்கள். அந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் இரண்டே பாடகர்கள்தான். ஒருவர் மாமா. இன்னொருவர் அவருடைய ஆயுள்காலப் போட்டியாளர் ஆறுமுகம்.

மாமாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் வீட்டில் கொண்டாடுவதென்று முடிவாகி, சுகந்தியின் தம்பி குணா வேலைகளைப் பிரித்தான். சமையல் ஒருவருக்கு, கேக் ஒருவருக்கு, கூடாரம் ஒருவருக்கு. கடைசியில் என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீங்க பாட்டு செட்ட மட்டும் பாத்துக்குங்க. வாடகைக்கு எடுத்தா போதும் லா."

வாடகையா? மாமா பாடப்போகும் மைக்கை நாளைக்கு வேறு எவனோ பிடிப்பதா? அவர் பாட வேண்டும், ஊர் அசர வேண்டும், அந்தச் சந்தோஷத்தில் அவர் என் தோளில் கைபோட்டு, 'எல்லாம் நம்ம மாப்பிள்ளை ஏற்பாடு' என்று சொல்ல வேண்டும். காட்சி மனத்துக்குள் ஓடிவிட்டது. பின்னணி இசைகூட வந்துவிட்டது.

ஆராய்ச்சியில் இறங்கினேன். எப்படிப்பட்ட ஸ்பீக்கர் வாங்குவது என்று இணையத்தில் யார் யாரோ பேசிய காணொளிகளையெல்லாம் பார்த்தேன். வாட்ஸ், பேஸ், ட்ரெபிள் என்று உளற ஆரம்பித்தேன். ஒருநாள் சுகந்தி வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "ட்ரெபிள் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன். அடுத்த வேளைக்கு எனக்கு ரொட்டியும் ஜாமும்தான் கிடைத்தன.

சிம்பாங் அம்பாட்டில் ஒரு மின்சாதனக் கடை. குணாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடை முதலாளியான சீன டவுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பாஸ், ரூமா பெசார்கா?"

வீடு பெரியதா என்று கேட்கிறார். சின்ன வீடு என்று சொல்ல நாக்கு வரவேண்டுமே!

"பெசார்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பக்கத்தில் நின்ற குணாவுக்கு இருமல் வந்தது.

டவுக்கே சந்தேகத்தோடு தோள் உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகளைக் காட்டினார். நான் அவற்றைச் சுற்றி வந்தேன். குனிந்து காதை வைத்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். (மார்க்கெட்டில் பலாப்பழத்தை இப்படித்தான் தட்டுவேன். ஸ்பீக்கரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எந்தக் காணொளியிலும் சொல்லவில்லை.) "ஹ்ம்ம்... பேஸ் இருக்கு" என்றேன்.

"மச்சான், இன்னும் ப்ளக்கே சொருகலயே" என்றான் குணா.

"அனுபவம்டா."

"இத வீட்டுக்குள்ள வச்சா நாம எங்க நிக்கிறது?"

 என் கண் அதற்குள் கரோக்கே மெஷினுக்குப் போய்விட்டது. கடையில் வேலை பார்க்கும் பெண் மைக்கைப் பிடித்து ஒரு சீனப் பாட்டை நாலு வரி பாடிக் காட்டினாள். பாட்டு முடிந்ததும் திரையில் வாணவேடிக்கை. 98 என்று எண் பளபளத்தது. கைதட்டல் சத்தம் கடையை நிரப்பியது. மார்க் போடுகிற மெஷின்!

எனக்குப் புல்லரித்துவிட்டது. மாமாவின் பாட்டுக்கு, ஆறுமுகத்தின் கண்ணெதிரே, தொண்ணூற்றெட்டு மார்க்! மெஷினே சொன்னபிறகு யார் மறுக்க முடியும்?

"பேக் பண்ணுங்க" என்றேன்.

ஸ்பீக்கர்கள் லோரியில் வந்தன. ஒன்று எப்படியோ உள்ளே நுழைந்து, குளியலறைக் கதவைப் பாதி மறைத்து நின்றுகொண்டது. மற்றது இரும்புக் கேட் தாண்டி வந்து வாசல் கதவில் மாட்டிக்கொண்டது. தள்ளினோம், சாய்த்தோம், கதவின் பெயிண்டைத் தியாகம் செய்தோம். முடியாமல் அதைக் கார் நிற்கும் போர்ச்சிலேயே, தெருவைப் பார்த்தபடி நிறுத்தி வைத்தோம்.

"பரவாயில்ல, ஸ்டீரியோ" என்றேன் சுகந்தியிடம். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு வாட்ஸ் அதிகம்.

மெஷினில் மார்க் போடுவதற்கு மூன்று நிலைகள் இருந்தன: எளிது, நடுத்தரம், வல்லுநர். எழுபது வயதுப் பாட்டுக்காரருக்கு 'எளிது' வைப்பது அவமானம் இல்லையா? 'வல்லுநர்' வைத்தேன். எக்கோ பொத்தானையும் முடிந்தவரை திருகிவிட்டேன். நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சோதிக்காமல் ஒரு திருகாணிகூட என்னைத் தாண்டி வெளியே போகாது. அப்பேர்ப்பட்ட நான், "ஹலோ, ஹலோ, ஒன் டூ" என்று சொல்லிவிட்டு மெஷினை அணைத்துவிட்டேன்.

"ஒரு பாட்டு பாடிப் பாத்துருங்களேன்" என்றாள் சுகந்தி.

"பாடத் தெரிஞ்சவரு வராரு. நான் எதுக்குப் பாடணும்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு நிறைந்தது. ஆட்டுக்கறி பெரட்டல் மணந்தது, ரோஜா நிறத்தில் சிராப் தண்ணி ஓடியது, கேக் வெட்டியாயிற்று. மாமா பூப்போட்ட பத்தேக் சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். ஆறுமுகம் முதல் வரிசையைப் பிடித்துக் கால்மேல் கால் போட்டிருந்தார். குளியலறைக்குப் போக வேண்டியவர்கள் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

நான் மைக்கை எடுத்து மாமாவிடம் நீட்டினேன். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார். ஆனால் மைக்கைப் பிடித்த பிடி, கூச்சப்படுகிற பிடி இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு அவருக்குப் பிடித்த பழைய சோகப் பாட்டை எடுத்தார். நான் சிரிக்காமல் சொல்லக்கூடிய இடம் இந்தக் கதையில் இது ஒன்றுதான்: அப்படிப் பாடினார். அடுப்படியில் இருந்தவர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். ஆறுமுகமே காலை இறக்கி வைத்துவிட்டார். கடைசி வரியில் அந்த மேடு வந்தது. மாமா சுரத்தைப் பிடித்து, லோரியை ஏற்றி, உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, மெதுவாக இறக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். என் தோள் அவர் கைக்குத் தயாராகக் காத்திருந்தது.

அப்போது மெஷின் முரசு அடித்தது. டமடமடமடம...

முப்பத்தேழு.

எண் சிவப்பில் வந்தது. கூடவே காற்றுப்போன எக்காளம் மாதிரி 'வ்வா... வ்வா... வ்வாஆஆ' என்று ஒரு சத்தம். அதோடு விட்டதா? ஒரு பெண் குரல் உற்சாகமாக, "தர்ட்டி செவென்! ட்ரை அகெய்ன்!" என்று கூவியது. உள்ளே கூவியதைப் போர்ச்சில் நின்ற ஸ்பீக்கர் தெருவுக்கும் கூவியது. எக்கோவில் 'அகெய்ன்... கெய்ன்... ய்ன்' என்று அது எங்கள் தாமானில் இருக்கும் வீடுகளையெல்லாம் சுற்றி வந்தது.

விஷயம் என்னவென்றால், திரையில் வரும் எழுத்து நிறம் மாறும்போது வாயைத் திறக்க வேண்டும், நிறம் முடிந்ததும் மூட வேண்டும். மாமாவோ கண்ணைத் திறக்கவே இல்லை. ஆற அமரத் தொடங்கி, எழுத்துகள் ஓடி மறைந்தபிறகும் மேடு ஏறிக்கொண்டிருந்தார். மெஷின் அத்தனையையும் தப்பு என்று கணக்கில் வைத்துக்கொண்டது.

ஆறுமுகம் மெல்ல, "என்னா மாணிக்கம், பாஸ் மார்க்கு நாப்பதா?" என்றார்.

"நீ வந்து பாடேன்டா."

"எனக்குக் காலையிலேர்ந்து தொண்ட சரியில்ல லா" என்று சிராப் தண்ணியில் முகத்தை மறைத்துக்கொண்டார் ஆறுமுகம்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் ரோஸின் தலை தெரிந்தது. சத்தத்துக்காகத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஆவலோடு கேட்டது, "அபாங், சியாப்பா திகா பூலு துஜு?" அண்ணே, யார் அந்த முப்பத்தேழு!

மாமா மைக்கை என் கையில் வைத்தார். "நல்ல செட்டு சார்" என்றார்.

அந்த 'சார்' எனக்குள் எங்கேயோ இடித்தது. உடனே விளக்கம் சொல்லியாக வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் மெஷின் அதற்குள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டதையோ, கையில் மைக் இருப்பதையோ நான் கவனிக்கவில்லை.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க மாமா! மெஷினுக்கு அறிவில்ல. இல்ல, எனக்குத்தான் அறிவில்ல! பெருசா இருந்தா நல்லதுன்னு வாங்கிட்டேன். நீங்க ஒரு தடவயாச்சும் என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடுவீங்கன்னுதான் மாமா இதெல்லாம் செஞ்சேன்! அன்னிக்கு டை கட்டிக்கிட்டு வந்திருக்கக் கூடாது மாமா! மன்னிச்சிருங்க மாமா!"

'மாமா... மாமா... மா...' என்று தெரு அழுதது. எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது.

பின்னணிப் பாட்டு முடிந்தது. முரசு. டமடமடமடம...

தொண்ணூற்றொன்று.

வாணவேடிக்கை. கைதட்டல். "நைன்ட்டி ஒன்! எக்செலென்ட்!"

(எப்படி என்று இன்றுவரை புரியவில்லை. நான் விம்மிய இடமெல்லாம் எழுத்து நிறம் மாறிய இடங்களாக இருந்திருக்க வேண்டும்.)

 சுகந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார்.

நான் மைக்கை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன். "மாமா..."

"மைக்க ஆஃப் பண்ணிட்டுப் பேசக் கூடாதா? அந்தாண்ட இருக்குற கம்போங் வரைக்கும் கேக்குது."

முதலில் சிரித்தது ஆறுமுகம். அப்புறம் வீடே சிரித்தது. காக் ரோஸுக்குக் குணா மதிலோரம் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல, மதிலுக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இவரு அழுததுக்குத் தொண்ணூத்தொண்ணு. நான் பாடுனதுக்கு முப்பத்தேழா? இன்னொரு தடவ போடுங்க மாப்பிள்ளை."

போட்டேன். இருபத்தொன்பது.

பேரப்பிள்ளைகள் பிறந்தநாள் என்றால்கூடச் சாப்பிட்டதும் கிளம்பிவிடும் மாமா, இப்போது ஞாயிறு தவறாமல் லூபோக் சீனாவிலிருந்து வந்து இறங்குகிறார். கேட்டிலிருந்தே, "மாப்பிள்ளை, அந்தக் கழுதைய ஆன் பண்ணுங்க!" என்று குரல் வரும். (கழுதை என்றால் மெஷின். அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.) நிலையை 'எளிது' என்று மாற்றவா என்று கேட்டால் அடிக்க வருகிறார். கண்ணைத் திறந்து பாடுங்கள் என்றால், "கண்ணத் தொறந்தா பாட்டு வராது, மார்க்குதான் வரும்" என்கிறார். இதுவரை அவருடைய உச்சம் ஐம்பத்தெட்டு. மதிலுக்கு மேலே காக் ரோஸ் வாராவாரம் மார்க் விசாரித்துக்கொள்கிறார். இரண்டாவது ஸ்பீக்கர் இன்னும் போர்ச்சில்தான் நிற்கிறது. கார் தெருவில் நிற்கிறது.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் சும்மா மன்னிப்புக் கேட்டுவிட முடியாது. மார்க் உண்டு. போன வாரம் சுகந்தியின் புதுக் குக்கரை அடிப்பிடிக்க விட்டுவிட்டு, சாரிம்மா என்று முணுமுணுத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முப்பத்தேழு" என்றாள். "போர்ச்சுல போய் நின்னு கேளுங்க."