பசை காய்ந்த செய்தி

தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விழுந்தால் அதை அடைப்பது குழாய்த் துறையின் கடமை. அடைக்கும்வரை அதை மறைப்பது இன்னும் பெரிய கடமை. இந்த இரண்டாவது கடமையில் துறை ஒருநாளும் தவறியதில்லை.

ஊருக்கு நடுவே நிற்கும் தொட்டியில் கை நுழையும் அளவுக்கு விரிசல் என்று செய்தி எழுதியவருக்குப் பத்திரிகை அலுவலகத்தில் 'நாலாம்பக்கம்' என்று பெயர். அவர் எழுதுவதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் வரும். ஒரு மாதமாகியும் யாரும் அசையாததால், விரிசல் என்ன ஆயிற்று என்று தகவல் கேட்டு மனுப் போட்டார். தகவல் வரவில்லை, சம்மன் வந்தது.

குழாய்த் துறை அதிகாரி கோப்பைத் திறந்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு தாள். நாலாம்பக்கத்தின் செய்தியை வெட்டி அதில் ஒட்டி, மேலே சிவப்பு மையில் 'ரகசியம்' என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

"இந்த ரகசியம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதினதுதானே சார் அது!"

"ஒட்டறவரைக்கும் உங்களுது. பசை காஞ்சதும் அரசாங்கத்தோடது."

"பத்தாயிரம் பிரதி வித்திருக்கே சார்!"

"அப்ப பத்தாயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க. தலைக்கு ஒரு நாள்னு வச்சாலே இருபத்தேழு வருஷம் உள்ள இருக்கணும்." அதிகாரி கருணையோடு கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே வழிதான். யாரும் படிக்கலைன்னா ரகசியம் வெளியானதா ஆகாது. நிரூபிச்சுடுங்க."

ஊரே தன்னைப் படிக்கிறது என்று முப்பது வருஷமாக நம்பிய மனிதர், யாருமே படிக்கவில்லை என்று நிரூபிக்கக் கிளம்பினார். வாக்குமூலம் எழுத ஒரு குமாஸ்தாவும் கூடவே நடந்தார்.

"சினிமாப் படத்தைக் கிழிச்சு செவத்துல ஒட்டிட்டு, மிச்சத்துல கத்தி தொடைப்பேண்ணே" என்றார் சலூன்காரர்.

"எடம் பத்தலைன்னு பாதியை வெட்டினது நான்தான். ஆனா சத்தியமா, படிச்சு வெட்டலைப்பா" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

கடைசியாக மனைவி. படித்தேன் என்றால் சிறை. படிக்கவில்லை என்றால் அதைவிட மோசம்.

"எனக்கு வேற வேலை இல்லையா? மத்தியானம் இவரு மூஞ்சியில மூடிக்கிட்டுத் தூங்கத்தானே பேப்பரே வாங்கறோம்" என்றாள் அவள்.

காப்பாற்றிவிட்டாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

'ரகசியம் எவ்விதப் பழுதுமின்றிக் காக்கப்பட்டுள்ளது' என்று விசாரணை முடிந்தது. துறையின் மற்ற ரகசியங்களுக்கும் நாலாம் பக்கத்திலேயே இடம் ஒதுக்கித் தருமாறு அதிகாரி பணிவன்புடன் கேட்டுக்கொண்டார். விரிசல் செய்தியை எழுதியதாக இனி மூச்சு விடுவதில்லை என்று நாலாம்பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்.

மறுவாரம் தொட்டி உடைந்தது. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை. வெள்ளம் குழாய்த் துறைக்குள் புகுந்து, இருந்த கோப்புகளையெல்லாம் தெருவில் கொண்டுவந்து போட்டது. சிவப்பு முத்திரையோடு ரகசியங்கள் சேற்றில் கிடந்தன. ஜனங்கள் அவற்றை வரிசையாகப் போட்டு, கால் அழுக்காகாமல் மிதித்து நடந்தார்கள்.

எதிரே வந்த சலூன்காரர் நாலாம்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "இம்மாம் பெரிய விரிசலாம்! இதையெல்லாம் ஏண்ணே பேப்பர்ல போடறதில்லை? தெரிஞ்சுக்கற உரிமை எங்களுக்குக் கிடையாதா?"

நாலாம்பக்கத்தால் வாய் திறக்க முடியாது. சலூன்காரரின் காலடியை விரலால் சுட்டிக் காட்டினார். விரிந்து கிடந்த கோப்பில் அந்தச் செய்தி இருந்தது. பசை இன்னும் விடவில்லை.

சலூன்காரர் குனிந்து பார்த்தார்.

"ஆமாண்ணே, வழுக்குது" என்று அடுத்த கோப்புக்குத் தாவினார்.