தேர்ச் சீலையும் பழுதாகாத மெஷினும்

கீழ் டிவிசன்,
லிந்துலை.
வெள்ளிக்கிழமை, பகல்.

மரியாதைக்குரிய மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஆண்டியப்பன் எழுதுவது. இங்கே நானும் நாகலெட்சுமியும் நலம். நீங்கள் அனுப்பிய தையல் மெஷினும் நலம். ராகலையில் உங்களுக்கும் உங்கள் வீட்டு அக்காவுக்கும் உங்கள் தையல் கடைக்கும் மாரியம்மா துணை இருக்கட்டும். போனில் பேசினால் நீங்களும் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னார் என்பதே தெரியாமல் போய்விடும். ஆகவே எழுத்தில் தெரிவிக்கிறேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், காம்பரா முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில், மெஷின் பலகை மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். தேர்ச் சீலையைத் தைத்து முடித்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

றம்ஸானின் மரக்கறி லொறியில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே மெஷினை வைத்து நீங்கள் கொண்டுவந்து இறக்கிய நாளை நான் மறக்கவில்லை. கோவில் கமிட்டித் தலைவர் கந்தப்பன் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னீர்கள். "மாப்ள, தேர்ச் சீலையை இந்த மெஷின்ல தைச்சு முடிங்க. மெஷினுக்குப் பழுது வராம ஓட்டுனீங்கன்னா அது தங்கச்சிக்கே சொந்தம். பழுதாக்குனீங்க, இதே லொறியில ஏத்திக்கிட்டுப் போயிருவேன், அப்புறம் கல்யாண வீடு கருமாதி வீடுன்னு போற எடத்துல எல்லாம் சொல்லுவேன்." போகும்போது மூன்று விஷயமும் சொன்னீர்கள். மெஷினின் காலைத் தூக்கி வைத்து நூல் கோர்க்கணும், சக்கரத்தை நம்ம பக்கமாகவே சுற்றணும், துணியை இழுக்கக் கூடாது. நான் சிரித்தேன். தேயிலைப் பெக்டரியில் ரோலர், அடுப்பு, காற்றாடி என்று எல்லாவற்றையும் ஓட்டி ஓய்ந்தவனுக்கு ஊசி மெஷினில் பாடமா என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முழுவதையும் அல்ல.

முதல் நாள் நானே நூல் கோர்த்தேன். துணியை அமுக்கிப் பிடிக்கிற அந்த இரும்புக் காலை இறக்கி வைத்தே கோர்த்தேன். ஓடுகிற மெஷினில் எல்லாம் இறுகி இருக்க வேண்டும் என்பது பெக்டரியில் என் கொள்கை, அதை நான் யாருக்காகவும் மாற்றிக்கொண்டதில்லை. மிதித்தேன். மேலே தையல் ஓடியது போல இருந்தது, துணியைத் திருப்பினால் கீழே குருவி கூடு கட்டிய மாதிரி நூல் சுருண்டு கிடக்கிறது. குழப்பம் கீழே இருக்கிறதே, ஆகவே குற்றம் கீழே நூல் சுற்றியிருக்கும் பொபினில்தான் என்று முடிவு செய்து, பொபினைக் கழற்றி, அதன் பெட்டியைக் கழற்றி, கழற்றக்கூடாத ஒன்றையும் கழற்றி, எல்லாவற்றையும் தட்டில் பரப்பி வைத்தேன். பெக்டரியில் மிச்சமான கிரீஸ் ஒரு டப்பா வீட்டில் இருந்தது. ரோலருக்கு நல்லது ஊசிக்கும் நல்லது என்று எல்லா ஓட்டையிலும் ஒரு விரல் போட்டேன். மறுபடி பூட்டி மிதித்தால் மெஷின் சேற்றில் இறங்கிய லொறி மாதிரி முனகுகிறது, பழகிப் பார்க்க வைத்த வெள்ளைத் துணியில் கரும்புள்ளி வரிசையாக விழுகிறது. நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தாங்க, அம்மனுக்குச் சீலை தைக்கிறீங்களா, சிறுத்தைக்குத் தைக்கிறீங்களா?"

"மெஷின் கோளாறு. உங்கண்ணன் பழசக் குடுத்து ஏமாத்திட்டாரு."

"எங்கண்ணன் காலைத் தூக்கிக் கோக்கச் சொன்னாரு. நீங்க கோத்தது எறக்கி வச்சு. அவர் சொன்னத ஒருவாட்டி செஞ்சா, உங்க தலையில இருக்கிற கிரீடம் எறங்கிருமா?"

மச்சான், நான் நியாயமான மனிதன். கிரீஸை எல்லாம் துடைத்து எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் வாங்கிவந்து சொட்டுச் சொட்டாக விட்டு, இரும்புக் காலைத் தூக்கியும் இறக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது கண்டேன். காலைத் தூக்கினால் மேலே உள்ள இரண்டு வட்டத் தட்டுகள் வாய் திறக்கின்றன, இறக்கினால் மூடிக்கொள்கின்றன. மூடிய வாய்க்குள் நூல் எப்படிப் போகும்? வெளியிலேயே நின்று, பிடிப்பில்லாமல், அளவுக்கு மேல் கீழே இறங்கி, அங்கே கூடு கட்டியிருக்கிறது. குழப்பம் தெரிவது கீழே, பிழை இருப்பது மேலே. இதை நானே கண்டுபிடித்தேன். நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம், ஆனால் ஏன் என்று சொல்லவில்லை.

அதன்பின் சரியாகக் கோர்த்தேன். காலைத் தூக்கி, நூல் கட்டையிலிருந்து நூலை இழுத்து, தட்டுகளுக்கு நடுவே அமர்த்தி, மேலும் கீழும் ஆடுகிற அந்தக் கையின் ஓட்டையில் தவறாமல் நுழைத்து, அப்புறம்தான் ஊசிக்குக் கொண்டுவந்தேன். தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தது. லயமே வந்து பார்த்தது. அப்போது என் பெருமை பெரிதாக இருந்ததால் உங்கள் தங்கையையும் உட்கார வைத்தேன். அது என் தவறு என்று சொல்ல மாட்டேன். அவள் கையின் தவறு. பகலெல்லாம் கொழுந்து பறித்த கை, மச்சான். செடியைத் தொட்டால் இழுக்கும், இழுத்தால் கூடையில் போடும். மெஷின் துணியைத் தானே நகர்த்தும் வரை அந்தக் கைக்குப் பொறுமை கிடையாது. கொழுந்தை இழுக்கிற மாதிரியே துணியை இழுத்தாள், ஊசி வளைந்து தகட்டில் குத்தி ஒடிந்தது.

"அது என்னங்க, நான் தொட்டதும் முறிஞ்சிருச்சு?"

"துணிய இழுக்காத புள்ள. அதுவா நகரும். நீ வழி மட்டும் காட்டு."

"மெதுவாப் பறிச்சா கங்காணி ஏசுறாரு. வேகமாத் தைச்சா நீங்க ஏசுறீங்க."

ஒடிந்த பாதி ஊசியைக் காணவில்லை. அது உள்ளே கிடக்க ஒருமுறை மிதித்தாலும் மெஷினின் கொக்கி கீறிப்போகும், பிறகு எத்தனை தரம் கோர்த்தாலும் நூல் அறும். ஆகவே யாரையும் மிதிக்க விடவில்லை. தேயிலைத் தூளில் விழும் இரும்புத் துண்டைப் பிடிக்க பெக்டரியில் காந்தம் வைத்திருப்போம், கழித்துப் போட்ட ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பொபின் குழிக்குள் காட்டினேன், ஊசித் துண்டு வந்து ஒட்டியது. உங்கள் ராகலைத் தையல்காரர் எவருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நடுவில் மிதியின் தோல் வார் பனியில் தளர்ந்துபோனது. அதைக் கத்தரித்து மறுபடி இணைத்தேன். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் தோலை வெட்டிவிட்டேன் என்று உங்கள் தங்கை அன்று முதல் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. தையல் முடிந்த நூலைப் பல்லால் கடித்துக்கொள்கிறேன்.

இன்று காலை புதுத் துணியில் சீலையின் கடைசி ஓரத்தைத் தைத்தேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சக்கரம் என் பக்கமாகவே சுழன்றது. நான் துணியை இழுக்கவில்லை, வழி மட்டும் காட்டினேன். சிவப்புச் சீலை மடியில் குவிந்து கிடக்க, ஓரம் தானாக நகர்ந்தது. முடிவு நெருங்க நெருங்க மெஷின் என்னையே தன் பக்கம் இழுப்பது போல ஒரு பிடிப்பு. ஓய்ந்துபோன மனிதனிடம் ஒரு மெஷின் இவ்வளவு பாசம் காட்டி நான் கண்டதில்லை. தேர், மேல் டிவிசனைச் சுற்றிவிட்டு எங்கள் எல்லைக்கு வந்ததும் அவர்கள் சீலையை அவிழ்த்து எங்கள் சீலையைக் கட்டுவது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் சீலை பாதி வழியில் பிரிந்து, மேல் டிவிசன்காரர்கள் விசில் அடித்தார்கள். இந்த வருஷம் அடிக்கட்டும் பார்ப்போம். மெஷின் முழுசாக இருக்கிறது, ஆகவே அது நாகலெட்சுமியுடையது. ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்கு வந்து, கந்தப்பன் முன்னாலேயே அதை உங்கள் வாயால் சொல்லவேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் ஊசிகள் ஒடியாமலும் உங்கள் நூல் அறாமலும் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
பழுதில்லாத மெஷினின் பொறுப்பாளர்,
ஆண்டியப்பன்.

பி.கு.: றம்ஸானின் லொறி ராகலைக்குத் திரும்புகிறது, ரோட்டில் நின்று ஹார்ன் அடிக்கிறான். கடிதத்தை அவனிடம் கொடுக்க எழுந்தேன். என்னோடு சீலையும் எழுந்தது. கடைசி ஓரத்தின் கீழே நான் உடுத்தியிருக்கும் சாரத்தின் ஒரு மடிப்பும் தையலில் சேர்ந்து போயிருக்கிறது, மச்சான், ஒரு முழ நீளத்துக்கு. மெஷின் காட்டியது பாசம் அல்ல என்று இப்போது தெரிகிறது. அதே நேரம் கந்தப்பன் தப்பு மேளக்காரர்களோடு படியில் வந்து நிற்கிறார். "அண்ணே, எந்திரிச்சு ஒங்க கையால சீலையக் குடுங்க, அதுதான் மரியாத" என்கிறார். உட்கார்ந்து கொடுப்பது இன்னும் மரியாதை என்று சொல்லிப் பார்த்தேன், தப்புச் சத்தம் நிற்கவில்லை. கத்தரிக்கோல் மலையில், உங்கள் தங்கையின் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இதே லொறியில் இன்றே வாருங்கள். ஒரு கத்தரிக்கோலும், உங்கள் சாரம் ஒன்றும் கொண்டுவாருங்கள். விஷயம் புரிந்த கந்தப்பன் ஒரு முனையைப் பிடித்து, தன் பலம் முழுவதையும் காட்டி இழுத்துப் பார்த்தார். மெஷினை முதலில் தள்ளி வைக்கச் சொன்னேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சாரம்தான் கிழிந்தது. ஒரு தையல் பிரியவில்லை, மச்சான். ஒரு தையல்கூட!