சுடாத வால்வு

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மாடி ஹாலில் எள் போட்டால் எள் விழாது. வந்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்: தணிக்கையாளர், பல் மருத்துவர், பேராசிரியர். ஜுரம் வந்த பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள் போல, வீட்டு ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். 'நாதப்பேரொளி' எழுந்தருளுவார். பட்டத்தை யார் கொடுத்தார்கள்? அவரேதான். வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

அவர் தொழில் வால்வு மாற்றுவது. பழைய ஆம்ப்ளிஃபயரில் கண்ணாடிக் குமிழ் செருகியிருக்குமே, அதுதான் வால்வு. தேய்ந்ததை மாற்றினால் ஒலி கொஞ்சம் தெளியும்; வேறு வகை போட்டால் கொஞ்சம் மாறும். எந்த ரேடியோ மெக்கானிக்கும் இதைச் சொல்வார். ஆனால் மெக்கானிக்கை யார் கும்பிடுவார்கள்? நாதப்பேரொளி வெள்ளைக் கையுறை மாட்டி, வால்வை முகர்ந்து பார்த்து, "இது கடலோரத்துல பிறந்தது. தாளம் நனைஞ்சு வரும்" என்பார். பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொள்வார்.

அதே தெருவில் துணி தைத்துவந்த ஒரு தையல்காரிக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், மாட்டிக்கொண்டது அவள் வீட்டுக்காரராக இல்லாவிட்டால். முப்பது வருஷம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற மனிதர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பாட்டு திடீரென்று மங்கிவிட்டது என்றார்.

"காது டாக்டர்கிட்ட போலாங்க."

"எனக்கென்ன, ஆம்ப்ளிஃபயர் பெட்டிதான் சரியில்ல" என்று அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

"உங்க காது தங்கம். வால்வுதான் களைச்சிருக்கு" என்றார் நாதப்பேரொளி. கேட்க இனிக்காமல் இருக்குமா? பெட்டியை மூன்று நாள் 'ஒலி விரதம்' இருக்கவைத்துத் திருப்பித் தந்தார். பிறகு ஆறு முறை வால்வு மாற்றியாயிற்று. பாட்டு மங்கிக்கொண்டேதான் போனது. அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் நின்றுபோனது. அவளுக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன.

"வால்வைத் தொடக் கூடாது, விரல் பட்டா நாதம் செத்துடும்" என்பது மாடி உத்தரவு. ஒருநாள், பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போது தூசி தட்டியவளின் விரல் பட்டுவிட்டது. இருபது வருஷம் இஸ்திரிப்பெட்டியோடு குடித்தனம் நடத்தி, சூட்டை நன்றாக அறிந்த விரல். வால்வு செக்கச்செவேலென்று எரிந்தது. ஆனால் சுடவில்லை! எரிகிறது ஏன் சுடவில்லை? அத்தனை படிப்பாளிகளுக்கும் தோன்றாத கேள்வி அது.

அடுத்த ஞாயிறு அவளும் கூடப் போனாள். ஏழாவது ஜோடி வால்வு ஏறியது. பல் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று உரக்கக் கேட்டார் நாதப்பேரொளி.

"கொஞ்சம்... தெளிவா இருக்கற மாதிரி இருக்குங்க" என்றார் வீட்டுக்காரர், பாவம்.

அவள் எழுந்துபோய் இரண்டு வால்வுகளையும் வெறுங்கையால் பிடுங்கினாள். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, வால்வு ரெண்டும் என் கையில இருக்கு. அப்ப பாடறது யாரு?"

"வால்வோட உயிர் இன்னும் உள்ள சுத்துதும்மா! அடங்க நேரமாகும்!"

இதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்த லிஃப்ட் மெக்கானிக் மட்டும் எழுந்து வந்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே தீப்பெட்டி அளவில் மலிவான புது மின்சுற்றுப் பலகை. இத்தனை நாள் பாடியது அதுதான். வால்வு செருகும் குழிகளில் சின்னச் சிவப்பு விளக்குகள். பழைய உறுப்புகள் எல்லாம் விரதத்திலேயே காணாமல் போயிருந்தன. ஹால் முழுக்கப் பெட்டிகள் கவிழ்ந்தன. எல்லாவற்றிலும் அதே பலகை. நாதப்பேரொளி கையுறையைக்கூடக் கழற்றாமல் பின்வாசலைப் பார்த்து ஓடினார். தணிக்கையாளர் துரத்திப்போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காது மருத்துவர் சோதித்துவிட்டுச் சொன்னார். "வலது காதைக் காப்பாத்திடலாம். இடது காதுல இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மங்கின வாரமே வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்."

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வலது பக்கம் போய் நின்று, அழுகையை அடக்கிக்கொண்டு, சத்தம் போட்டுச் சொன்னாள்.

காதைக் குறை சொல்லாதீர்கள், ஐயா. 'நான் கெட்டுப்போய்விட்டேன்' என்று அது முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டது. கேட்காமல் விட்டது இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கிற தலை. அதையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள்!