நாலாவது மடிப்பு

ஒரு சங்கத்தில் பெரியவர்கள் யாரும் கடைப்பிடிக்காத கொள்கைகளைத்தான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவார்கள். எங்கள் சங்கம் விழுப்புரத்தில் விடியற்காலை நடக்கிறவர்களின் சங்கம். (நடப்பது டீக்கடை வரைக்கும். அங்கிருந்து உட்கார்ந்துகொள்வோம்.) நேர்மை, பொறுமை, பகிர்தல், ஒற்றுமை என்று நான்கு கொள்கைகள். சங்கப் பனியனின் முதுகில் அச்சடித்திருப்பதால் போட்டிருக்கிறவன் கண்ணில் மட்டும் படாது.

ஓய்வுபெற்ற துணை தாசில்தாரான எங்கள் தலைவருக்கு, இந்த நான்கையும் இளம் பிஞ்சுகளின் மனதில் விதைக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். யாரோ ஒருவர் சதுரக் காகிதத்தை மடித்து மடித்துக் கொக்கு செய்கிறார். சும்மா போட்டிருக்கலாம். கீழே “ரொம்ப எளிது” என்று எழுதித் தொலைத்தேன்.

“எளிதுன்னு சொன்னவரே செஞ்சிடட்டும். ஒரு மடிப்புக்கு ஒரு கொள்கை. நாலு மடிப்பு, நாலு கொள்கை, ஒரு கொக்கு” என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். தனக்கு அந்த வேலை வரவில்லை என்ற நிம்மதியில் தட்டிய கை அது.

பள்ளிக்கூடம் பிடித்துக் கொடுத்தவள் என் மச்சினி கலா. திண்டிவனத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அப்போதுதான் டீச்சராக மாற்றலாகி வந்திருந்தாள். அந்தப் பள்ளி ஹெச்.எம். அம்மாவுக்கு வெளியாள் உள்ளே வருவதே பிடிக்காது. ஒரு பீரியடுக்கு மட்டும் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள்.

“மாமா, நான் புதுசா வந்திருக்கேன். எங்க மாமா கைதேர்ந்தவருன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க சொதப்பிட்டீங்கன்னா, ஹெச்.எம். என்னைத்தான் வருஷம் பூரா பாத்துக்கினு இருப்பாங்க.”

“கொக்குதானே கலா” என்றேன். அந்த ‘தானே’வுக்கு என்னைத் தூக்கில் போட்டிருக்கலாம்.

பயிற்சி எடுத்துக்கொண்டது பஸ்ஸில். விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து போனைத் தொடையில் சாய்த்து வைத்து மடித்துக்கொண்டே வந்தேன். முதல் மூன்று மடிப்பு வரைக்கும் வீடியோக்காரரும் நானும் அண்ணன் தம்பி மாதிரிதான் போனோம். நாலாவதில் அவர் எதையோ உள்ளே தள்ளி, எதையோ வெளியே இழுத்தார். அவருக்குக் கழுத்து வந்தது, எனக்குக் காகிதம் கிழிந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இன்னாங்க அது, பீடாவா?” என்று கேட்டார். கொக்கு என்றேன். மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகுப்பில் ஒன்றாவது, இரண்டாவது பிள்ளைகள். ஆளுக்கொரு வண்ணச் சதுரம் கொடுத்தேன். மூலையோடு மூலை சேர்த்து முதல் மடிப்பு. “இது நேர்மை. கோணலா மடிச்சா காகிதமே காட்டிக் கொடுத்துடும்” என்றேன். பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு நேராக மடித்தார்கள். இரண்டாவது மடிப்பு பொறுமை. கலாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்போது மூன்றாவது வகுப்பையும் உள்ளே அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய டீச்சர் அன்றைக்கு லீவாம். என்னிடம் மிச்சக் காகிதம் இல்லை. ஆனால் அடுத்த மடிப்பு பகிர்தல். தெய்வமே எடுத்துக் கொடுத்த உதாரணம் என்று பூரித்துப்போய், “நம்மகிட்ட இருக்கறத இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்” என்று குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். நான் சொன்னது, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து மடியுங்கள் என்ற அர்த்தத்தில்.

சரக்கென்று ஒரு சத்தம். அத்தனை பிள்ளைகளும் காகிதத்தைப் பிரித்து, பாதியாகக் கிழித்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சதுரம் போனால் கொக்கு போச்சு. சரி, என் கையில் ஒன்று முழுசாக இருக்கிறதே என்று தேற்றிக்கொள்வதற்குள், முன்வரிசையில் இருந்த யாழினி என்ற பெண் எழுந்தாள்.

“சார், நீங்க மட்டும் குடுக்கலியே?”

கிழித்தேன். வேறென்ன செய்வது?

பிறகு அந்த அரைக் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினேன். “அடுத்து என்ன சார்?” என்று கேட்டார்கள். “பொறுமை” என்றேன். உடனே அத்தனை பேரும் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதைவிடக் கொடுமை உலகத்தில் கிடையாது. சத்தம் போட்டால்கூட அந்தச் சாக்கில் தப்பிக்கலாம். நிமிர்ந்தால் வாசலில் ஹெச்.எம். அம்மா. கலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாழினி விரலை எடுத்தாள். “சார், தெரியலன்னா நேர்மையா சொல்லிடுங்க சார். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

மூளை நின்றுபோனால் கை தன்போக்கில் வேலை செய்யும் போலிருக்கிறது. என் விரல்கள் காகிதத்தைச் சுருட்டி, அடியை முறுக்கி, ஒரு பொட்டலம் செய்திருந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உடனே வந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பொட்டலம்.

“இதுதான் ஒற்றுமை” என்று அளந்தேன். “தனித்தனியா கெடக்குற மல்லாட்டை எல்லாம் ஒரே பொட்டலத்துல எப்படி ஒண்ணா இருக்குது?”

எல்லோரும் வேர்க்கடலையைத் தேடிப் பொட்டலத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“மல்லாட்டை எங்க சார்?”

ஹெச்.எம். அம்மா வாயைத் திறந்தார். “புள்ளைங்க கேக்குறாங்க இல்ல?”

ஓடினேன். கேட்டுக்கு வெளியே வண்டியில் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தவரிடம் இருப்பதையெல்லாம் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பொட்டலமாகக் கட்டவா என்றார். “பொட்டலம் நெறைய இருக்குதுங்க” என்று மூச்சு வாங்கினேன். இந்த ஆளோடு ஏதோ பேஜாரு என்று நினைத்தவர், ஒரு முறத்தில் கொட்டிக் கொடுத்துவிட்டு, முறத்துக்குக் காவலாகக் கூடவே வந்தார்.

பிள்ளைகள் தள்ளிக்கொள்ளாமல் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்றவனுக்குப் போதவில்லை என்று முன்னால் வாங்கியவர்கள் திரும்பி வந்து போட்டார்கள். ஒரு பையன், “எனக்கு ரெண்டு தபா போட்டுட்டீங்க சார்” என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் சங்கத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு வடையைக்கூட யாரும் இப்படித் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஹெச்.எம். அம்மா தன் பங்கை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். “கலா டீச்சர், உங்க மாமா மாசாமாசம் வரட்டும்.” போகும்போது திரும்பி, “பேப்பர் வேணாம். அதைப் புள்ளைங்களே மடிச்சிக்கும்” என்றார்.

கலாவின் வேலைக்கும் மானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது. அன்று மாலையே அவள் அக்காவுக்கு போன் போட்டு ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என் மாமியார் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசினால், “நாலாவது மடிப்பு வந்துடுச்சி” என்பார்கள். கல்யாணத்தில், காதுகுத்தில், சம்பந்தி பேசும் இடத்தில்கூட.

போன ஞாயிற்றுக்கிழமை மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி, “எத்தனாவது மடிப்புல இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ரெண்டு” என்றேன்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.